கல்லுக்கு ஆறு முகம்

ஐப்பசி மழைக்கு ஆரவாரம் கிடையாது. ஆடிக் காற்றைப்போலக் கதவை அறைந்துகொண்டு அது வருவதில்லை. சித்திரையில் பெய்யும் கோடைமழையைப்போல இடி முழக்கித் தன் வரவை அறிவிப்பதும் இல்லை. கீழைக்கடலில் நீரை முகந்த மேகங்கள், சூல்கொண்ட பிடியானைகளைப்போல அடிமேல் அடிவைத்து வந்து நொய்யலின் இரு கரையிலும் படுத்துக்கொள்ளும். அதன்பின் பொழுது எப்போது புலர்ந்தது, எப்போது சாய்ந்தது என்று சொல்வார் இல்லை. சோளக்காடும் பருத்திக்காடும் ஒரே மங்கலில் கரைந்து நிற்கும். ஓட்டுக்கூரைகளின் விளிம்பிலிருந்து நீர் ஒரே சுருதியில் சொட்டும். உலகம் முழுவதும் கண்மூடி எதையோ நினைந்திருப்பதுபோல ஓர் அமைதி ஊரின்மேல் கவிந்திருக்கும். அந்த அமைதியின் நடுவில்தான் கந்தசஷ்டி வரும். ஆறு நாள் பட்டினியும் ஆறு நாள் நீராட்டுமாக, ஈரத்துணி உடுத்த மாந்தர் இருளில் ஆற்றுக்குப் போவதும் வருவதுமாக இருப்பர்.

திருப்பூரில் அந்த மாதத்தோடு பிணக்கு உடையவர்கள் சாயப்பட்டறைக்காரர்கள் மட்டுமே. நூல் காயாது, காய்ந்தாலும் நிறம் தேர வெளிச்சம் இராது. கந்தவேலின் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டாகச் சாய மாஸ்டராக இருந்த ரத்தினசாமி ஒருவர்தாம் அந்தப் பிணக்கிலும் சேராதவர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, நூலோடு பாசுரமும் பயின்று வளர்ந்தவர். தொட்டியில் நூற்கட்டான சிட்டத்தை முக்குகையில் வாய் தானாக முருகன் பாட்டை முணுமுணுக்கும். மழை மூட்டத்தில்கூட நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவே உள்ள முடியளவு வேற்றுமையை அவர் கண் பிரித்துவிடும். அவர் 'சரி' என்றால் லாட், அந்த ஈட்டுச் சரக்கு முழுதும், போகும். 'இல்லை' என்றால் திரும்பவும் தொட்டிக்குள் இறங்கும். முதலாளி கந்தவேல்கூட மறுபேச்சுப் பேசியதில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வரும் எந்தச் சாம்பிளையும் ஒரே பார்வையில் அவர் தேர்வதில்லை. வீட்டின் வடக்குச் சன்னலில், நேர்வெயில் படாத இடத்தில், அதை வைப்பார். மூன்று காலை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்ப்பார். வைத்தது வைத்தபடி இருக்கவேண்டும். தொடக்கூடாது, திருப்பக்கூடாது. மூன்று காலையும் ஒரே நிறம் சொன்னால்தான் அது நிறம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு, சஷ்டியின் முதல் நாள் பிற்பகல், அந்த வீட்டு வாசலில் இருவர் குடை மடக்கினர். ஒருவர் திருமுருகன்பூண்டிச் சிற்பி சாமியப்பன். கோயில் கொடிச்சீலைக்குச் சாயம் முக்க ரத்தினசாமியிடம் ஆண்டுதோறும் வருபவர். மற்றவள் குண்டடம் பக்கத்துத் தோட்டக்காரி மயிலாள். அறுபது கடந்த கைம்பெண். மடியில் மஞ்சள் துணிமுடிச்சு ஒன்றை, பறித்துக்கொள்வார் யாரோ வருவதுபோல இறுகப் பிடித்திருந்தாள்.

"ஏனுங் மாஸ்டரே, கல்லு தெரிஞ்சவங்க மூணு பேருகிட்டப் போயிட்டு வந்துட்டமுங்க" என்றார் சாமியப்பன். "மூணு பேரும் மூணு சொல்லிப்போட்டாங்க."

"கல்லெப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? நான் நூலெ முக்கறவன்."

"பேர்லயே ரத்தினத்தெ வெச்சுக்கிட்டு இப்பிடிச் சொன்னா எப்பிடீங்க?"

மயிலாள் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். போன கோடையில் அவள் தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். முப்பத்தெட்டடி வரை ஈரமே இல்லை. வெட்டியவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போவதாக இருந்த நாளில், பாறைப் பிளவிலிருந்து இந்தக் கல் வந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. கல் வந்த வழியே நீர் வந்ததால், கல் முருகனுக்கு என்று அவள் நேர்ந்துகொண்டாள். ஊர்க்கோயிலுக்குப் புதிதாகச் சாமியப்பன் செதுக்கும் கல்மயிலின் கழுத்தில் அது பதியவேண்டும்.

"கரடா இருந்துதுங்க. இருவது நாள் தேச்சேன்" என்றார் சாமியப்பன். "ஓட்டம் பாத்துத்தான் தட்டுனேன். அது எப்பிடிப் பொளந்துக்குச்சோ அப்பிடியே சதுரம் புடிச்சுட்டேன். நானா ஒரு மூலையும் வெக்கலீங்க."

"இப்பத்தானுங் வந்துது கெரகம்" என்றாள் மயிலாள். "அவிநாசி நகை ஆசாரி நீலக்கல்லுன்னு சொன்னாருங்க. காங்கேயத்துக் கல் வியாபாரி, இது புஷ்பராகத்துல மட்டம்னு தூக்கி வெச்சுட்டாருங்க. கோயமுத்தூர்ல ஒருத்தரு, சாம்பப் படிகம், கண்ணாடியாக்கூட இருக்கும்னு போட்டாருங்க. எங்க தர்மகர்த்தா சுப்பண்ணன் ஊருக்கு முன்னால கேக்கறாருங்க, 'ஏம் மயிலா, சோடாப் பாட்டலெத் தேச்சு முருகனுக்குப் போடறயா?'ன்னு. ஏழாம் நாள் திருக்கல்யாணத்துக்குள்ள இன்ன கல்லுன்னு சொல்லலீன்னா, மயில் கழுத்துக் குழியில சிமிட்டி வெச்சுப் பூசிப்போடுவாராமா."

"ஒரே கல்லுக்கு மூணு நெறஞ் சொன்னா" என்றார் சாமியப்பன், "ரெண்டு பேருக்காச்சும் கண்ணு சரியில்லீன்னு அர்த்தமுங்க. கண்ணு சரியா இருக்கற ஆளு இந்தச் சீமையில ஆருன்னு பாத்தேன்."

ரத்தினசாமி துணியின்மேல் இருந்ததைப் பார்த்தார். பெரிய நெல்லிக்காய் அளவு. நான்மூலையும் கூர்மையாக, தாயக்கட்டையைக் குறுக்கி வைத்ததுபோல ஒரு சிறு சதுரக் கல். மழையின் மங்கலில் அது தன் ஒளியைத் தானே தருவதுபோல நின்றது. அவர் வாய் பாட்டை நிறுத்தியது. நூறு நீலம் முக்கியிருக்கிறார். இது அந்த நூற்றுக்கும் தாய். அவுரியின் ஆழமும், மாலை வானின் செந்நிழலும், இரண்டும் கலந்த ஏதோ ஒன்றும் அதனுள் உறங்கின.

"மயில்கழுத்து நீலம்" என்றார் மெல்ல. "நானே முக்குனாலும் இது வராது."

மயிலாளின் கண்ணில் நீர் திரண்டது. "அப்ப ஆசாரி சொன்னது மெய்யிங்களா?"

"பொறுங்கக்கா. மூணு காலை பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பேன். ஏழாம் நாளு நானே கொண்டாறேன்."

பித்தளைத் தட்டில் வைத்து அதை வடக்குச் சன்னலில் அமர்த்தினார். இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் விடியலில் ஆற்றில் மூழ்கி, ஈர வேட்டியோடு திரும்பிய ரத்தினசாமி, நீறு பூசிக்கொண்டு சன்னலின் முன் நின்றார்.

கல் மஞ்சளாக இருந்தது.

பழைய நெய்யின் மஞ்சள். விளக்கெண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றியதுபோன்ற, உயிர் குன்றிய மஞ்சள். நீலத்தின் சாயல் மருந்துக்கும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மஞ்சள்தான். அதே தட்டு, அதே இடம், அதே மழை வெளிச்சம்.

அவர் தந்தையும் சாயக்காரர்தாம். ஐம்பத்தாறாவது வயதில் அவர் கண்ணில் புரை விழுந்தது. புரை விழுந்தவர்க்கு முதலில் போவது நீலம். உலகத்தின்மேல் பழைய நெய்யைப் பூசினாற்போல எல்லாம் மஞ்சளாகும். தந்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் போன லாட் ஒன்று முழுதும் திரும்பி வந்த நாளில், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிட்டத்தைத் தூக்கி, "ரத்தினா, இது என்ன நெறம்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விடை சொன்னது ரத்தினசாமிதான். அந்தக் குரலை இன்றும் அவரால் மறக்க இயலவில்லை. தைப்பூசம் வந்தால் ரத்தினசாமிக்கு ஐம்பத்தாறு.

அன்று பட்டறையில் கந்தவேல் ஒரு சிட்டத்தை நீட்டினார். நாற்பது கட்டு நீலம், ஈரோட்டுக்குப் போகவேண்டிய லாட்.

"மாஸ்டரே, ஷேடு ஓகேதானுங்களே? லாரி நிக்குது."

ரத்தினசாமி அதை நீலமாகத்தான் கண்டார். ஆனால் நேற்றுக் கல்லையும் நீலமாகத்தானே கண்டார்? எந்த நாள் கண் பொய் சொன்னது, நேற்றா இன்றா?

"வெளிச்சம் பத்தலீங்க. நாளைக்குப் பாக்கலாம்."

"ஏனுங், அமாவாசை இருட்டுலயும் ஷேடு சொல்ற ஆளு நீங்க" என்று கந்தவேல் சிரித்தார். "விரதத்துல கண்ணு இருட்டிக்கிச்சுங்களா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ரத்தினசாமி தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கல்லில் மஞ்சளும் இல்லை. விறகுச் சாம்பலை நீரில் கரைத்ததுபோல வெளிறி, ஊதாவின் நினைவுமட்டும் எங்கோ தங்கியதுபோல, நிறம் என்று பெயரிட இயலாத ஏதோ ஒன்று தட்டில் இருந்தது. நீலம் போயிற்று, மஞ்சளும் போயிற்று, இனி மிஞ்சுவது சாம்பல். எண்ணெய் வற்றிய விளக்கு நிறம் மாறி மாறி அடங்குமே, அப்படி.

அடுப்படியில் மனைவி பழனாத்தாள் தினைமாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மிணி, நீ கட்டியிருக்கிற சேலை என்ன நெறம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருசமா நீங்க முக்கிக் குடுத்ததெத்தானுங் கட்டறேன். இப்பத்தான் கேக்கோணும்னு தோணுச்சுங்களா?"

"சொல்லேன்."

"அரக்குங்க."

அவருக்கும் அரக்காகத்தான் தெரிந்தது. அது ஆறுதல் தரவில்லை. கல்லைக் காட்டி 'இது என்ன நிறம்' என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்விதான் நாவில் எழவில்லை. அவள் 'நீலம்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. முன்பு தந்தைக்குத் தான் விடை சொன்னதுபோல, இன்று அவள் வாயால் தன் தீர்ப்பைக் கேட்க அவர் அஞ்சினார். பழனாத்தாள் கையைக் கழுவிவிட்டு, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

நான்காம் நாள் அவர் சன்னல் பக்கம் போகவே இல்லை. பெட்டியைத் திறந்து ஷேடு புத்தகத்தை எடுத்தார். முப்பத்தொரு ஆண்டு நூல்துணுக்குகள், வரிசை வரிசையாகத் தைத்து, பக்கத்தில் அவர் கையெழுத்தில் பெயர்: கிளிப்பச்சை, வெங்காயத்தாள், மாந்துளிர், காயாம்பூ. அதைத் துணியில் சுற்றிக் கட்டினார். சஷ்டி முடிந்ததும் கந்தவேலின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவது. திரும்பி வரும் லாட்டுக்கு முன்பாகத் தானே திரும்பி வந்துவிடுவது. மயிலாளுக்கு என்ன சொல்வது என்பதற்குத்தான் வழி தெரியவில்லை. முப்பத்தெட்டடிக்குக் கீழே கடவுள் அவளுக்குக் கொடுத்ததை, 'எனக்குத் தெரியலைங்கக்கா' என்று திருப்பிக் கொடுத்தால், அது சிமிட்டிக்குள் போய்விடும்.

ஐந்தாம் நாள் விடியலில் நொய்யல் படித்துறையை மூடிக்கொண்டு சிவந்து ஓடியது. மேலே எங்கோ மலையில் பெருமழை. நீராட வந்தவர்கள் தலையில் மூன்று கை நீர் தெளித்துக்கொண்டு திரும்பினார்கள். ரத்தினசாமியும் திரும்பினார். வழக்கத்தைவிட அரைமணி முன்னதாக.

மழை விட்டிருந்தது. பல நாளாகக் காணாத ஒன்று கீழ்வானில் நிகழ்ந்துகொண்டிருந்தது: மேகத்தில் ஒரு கீறல் விழுந்து, அதன் வழியே பால்போல வெளிச்சம் இறங்கியது. பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

முற்றத்தில் பழனாத்தாள் தரையில் அமர்ந்திருந்தாள். இடக்கையில் அந்தக் கல். வலக்கையில் செம்பு. மெல்லிய இழையாக நீர் கல்லின்மேல் விழுந்தது. அவள் உதடுகள் அசைந்தன. நீர் எல்லாப் பக்கமும் படவேண்டும் என்று கல்லை உள்ளங்கையில் மெல்ல உருட்டினாள்.

நீலம் நெய்யாயிற்று. நெய் சாம்பலாயிற்று. சாம்பல் மறுபடி நீலமாயிற்று.

அவள் கை உருள உருள, தூங்கும் குழந்தையின் முகத்தில் கனவு மாறுவதுபோலக் கல்லின் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே கண்ணின் முன், ஒரே வெளிச்சத்தில்.

மயில்கழுத்துச் சேலை! பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேரே நின்றால் நீலம், சாய்ந்து பார்த்தால் பச்சை. அதை நெய்த வீட்டில் பிறந்தவர் அவர். எந்த நெசவாளியும் மயில்கழுத்தை ஒரு பக்கம் நின்று தேர்வதில்லை. விரித்து, மடித்து, சாய்த்துப் பார்த்துத்தான் பெயர் சொல்வான். முப்பத்தொரு ஆண்டு ஒற்றை நிறம் முக்கிய கை, அந்த முதல் பாடத்தை மறந்துவிட்டிருந்தது. தொடாதே, திருப்பாதே என்று தனக்கே ஒரு வேலி போட்டுக்கொண்டு, வேலிக்குள் நின்று குருடானேனே என்று நடுங்கியிருக்கிறார்.

அடியோசை கேட்டுப் பழனாத்தாள் திடுக்கிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. தொடப்புடாதுன்னு சொன்னீங்க. சாமிக்குன்னு வந்த கல்லு, சஷ்டியில தண்ணி காட்டாம வெச்சிருக்க மனசு கேக்கலீங்க. நீங்க ஆத்துக்குப் போனதும் எடுத்து நனைச்சு, தொடச்சு, வெச்ச எடத்துலயே வெச்சுப்போடுவனுங்க."

"தெனமுமா?"

"ரெண்டாம் நாள்ல இருந்துங்க."

"வெச்ச எடத்துல வெச்சே. வெச்ச பக்கம் வெச்சயா?"

"அதுக்கேதுங்க பக்கம்? எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தானே இருக்குது."

ரத்தினசாமி அவள் எதிரே ஈரத்தரையில் அமர்ந்தார். கல்லை வாங்கி, கீழ்வானத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு முகம் நீலம். அதன் எதிர்முகமும் நீலம். திருப்பினார். இரண்டு முகம் நெய்மஞ்சள். மீண்டும் திருப்பினார். இரண்டு முகம் சாம்பல். ஆறு முகம். சாமியப்பன் வைத்ததல்ல, கல்லின் ஓட்டம் தானே பிளந்து தந்த ஆறு. மண்ணுக்கடியில், எவர் கண்ணும் படாத இருளில், எந்த நெசவாளி அமர்ந்து இதற்குப் பாவோட்டினான்? எத்தனை ஊழிக்காலம் இந்தத் தறி ஓடியிருக்கும்? பாட்டில் ஆயிரம் முறை 'ஆறுமுகம்' என்று பாடியிருக்கிறார். பாடும்போதெல்லாம் அவர் மனம் கண்டது எதிரே நின்ற ஒரு முகத்தை மட்டுமே.

"என்னத்தெ வேண்டிக்கிட்டே அம்மிணி?" என்று கேட்டார்.

"வேற என்னத்தெங்க? சேலை நெறத்தெக் கேட்டீங்களே, அன்னைல இருந்து உங்க கண்ணெத்தானுங் கேட்டுக்கிட்டிருக்கறேன்."

அவர் கல்லைத் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தார். எழுந்து போய், துணியில் சுற்றிய ஷேடு புத்தகத்தை அவிழ்த்துப் பழைய இடத்தில் வைத்தார்.

அன்று முற்பகலில் ஈரோட்டு லாட் போயிற்று. "வெளிச்சம் பத்துச்சுங்களா?" என்றார் கந்தவேல். "பத்துச்சுங்க" என்றார் ரத்தினசாமி.

பிற்பகல் சாமியப்பனைக் கூட்டிக்கொண்டு அவர் காங்கேயத்துக்குப் பஸ் ஏறினார். கல் வியாபாரி வேலுமணி கடையில் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் இதேவா? மட்டப் புஷ்பராகம்னு சொல்லி அனுப்புனேனுங்களே?"

"எந்தப் பக்கமாப் பாத்துச் சொன்னீங்க?"

"எந்தப் பக்கமா பாத்தா என்னங்க? கல்லெச் சன்னல்ல புடிச்சு..." என்று தொடங்கிய வேலுமணி, ரத்தினசாமி கல்லை ஒருமுறை புரட்டியதும் நிறுத்தினார். இன்னொரு முறை புரட்டியதும் வெற்றிலையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தாமே மூன்று பக்கமும் திருப்பினார். மேசையில் கிடந்த கண்ணாடித் துண்டில் கல்லின் விளிம்பால் ஒரு கோடு இழுத்தார், கண்ணாடி கீறியது. கெம்புத்துண்டு ஒன்றை எடுத்து, ஒரு மூலையில் முடியளவு உரசினார். கல்லில் கோடு விழுந்தது.

"கண்ணாடியெக் கீறுது, அதனால கண்ணாடி இல்லை. கெம்பு இதெக் கீறுது, நீலக்கல்லுன்னாக் கெம்பளவு கெட்டியா இருக்கோணும், அதனால நீலக்கல்லும் இல்லை. மூணு பக்கம் மூணு நெறம்..." அவர் குரல் தணிந்தது. "அயோலைட்டுங்க இது. துண்டு துணுக்கா எங்க கைக்கு வரும். இந்தத் தண்டியில, இத்தனை சுத்தமா, ஓட்டம் கெடாமத் தேச்சு நான் கண்டதில்லீங்க. நாப்பது வருசத் தொழிலுங்க எனக்கு. ஒரு பக்கமாப் பாத்துப்போட்டுப் பேசிட்டேன்."

"நாமெல்லாருந்தானுங்க" என்றார் ரத்தினசாமி. "ஆசாரி பாத்ததும் மெய்தான், கோயமுத்தூர்க்காரரு பாத்ததும் மெய்தான். ஆளுக்கு ஒரு மூஞ்சி."

வேலுமணி ஒரு தாளில் கல்லின் பெயரையும் தேர்ந்த விதத்தையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். கூலி கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சாமியப்பன் கேட்டார்: "மாஸ்டரே, இனி ஒரு கேள்விங்க. கழுத்துக் குழியில பதிச்சா ஒரு மூஞ்சிதான் வெளிய தெரியும். எந்த மூஞ்சியெ வெளிய வெக்கட்டும்?"

"எதெ மறைக்கச் சொல்றீங்க?"

"அதைத்தானுங் கேக்கறேன்."

பஸ் காங்கேயம் ரோட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ரத்தினசாமி சன்னல் வழியே பார்த்தபடி இருந்தார். வழியில் ஒரு சிறு கோயிலைப் பெண்கள் நனைந்தபடியே சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஸ்தபதியாரே" என்றார். "கோயில்ல நாம சாமியெ எதுக்குச் சுத்தி வாறோம்?"

சாமியப்பன் முதலில் விழித்தார். பிறகு மெல்லத் தலையில் அடித்துக்கொண்டார். "நாலு நாளு வேலையெக் கெடுத்துப்போட்டீங்க" என்றார். ஆனால் அவர் விரல்கள் அப்போதே மடியில் அளவு எடுக்கத் தொடங்கியிருந்தன.

சஷ்டிக்கு மறுநாள், திருக்கல்யாணத்தன்று, மயிலாளின் ஊர்க்கோயிலில் மழை இல்லை. கருவறைக்கு எதிரே புதுக்கல்மயில் இடுப்பளவு உயரத்தில் நின்றது. கழுத்துக் குழியைச் சாமியப்பன் கல்பொடியால் அடைத்துத் தேய்த்திருந்தார். மயிலின் முதுகில், முருகன் அமரும் இடத்தில், நான்கு விரற்கடைத் தூண்கள் நின்ற சிறு மண்டபம் ஒன்று எழுந்திருந்தது. தூண்களின் இடைவெளி கல்லைவிடக் குறுகல்; கல் உள்ளே இருக்கும், வெளியே வராது. கூரையில் ஒரு காசளவு துளை.

தர்மகர்த்தா சுப்பண்ணன் தாளை இருமுறை படித்தார். "என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்குது. ஆனாக் கல்லு மஞ்சளாவல்ல இருக்குது? நீலம்னு சொன்னாங்களாமா?"

"நிக்கற எடத்துலயே நின்னா மஞ்சத்தானுங்க" என்றார் சாமியப்பன். "காலெ எடுத்து வெச்சுச் சுத்திப் பாருங்க."

சுப்பண்ணன் அரைமனத்தோடு நடந்தார். மயிலின் பக்கவாட்டில் வந்ததும் நின்றார். ஓரடி பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். மஞ்சள் சாம்பலாகிச் சாம்பல் மஞ்சளாயிற்று. ஊரார் நெருங்கினார்கள். ஒரு சுற்று முழுதும் வந்து சேர்ந்தபோது அவர் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"நீலம் எங்கீங்க?" என்று கேட்டார், இப்போது தாழ்ந்த குரலில்.

"அது குனியறவங்களுக்குங்க" என்றார் ரத்தினசாமி.

சுப்பண்ணன் குனிந்தார். கூரைத் துளையின் வழியே உள்ளே பார்க்க, தூண்களுக்கு நடுவே புகுந்த வெளிச்சத்தில், மயில்கழுத்து நீலம் அடியாழத்தில் சுடர்ந்தது. அவர் நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தவர் மயிலாளைத் தேடி, "மயிலா, நான் பேசுனதெ மனசுல வெச்சுக்காதே ஆயா" என்றார். ஒருவர்பின் ஒருவராக, காலடி ஓசை மட்டும் கேட்க, ஊர் அந்தக் கல்லை வலம் வந்தது.

எல்லாரும் வந்து முடித்து, கருவறையில் மேளம் தொடங்கி, கூட்டம் உள்ளே நகர்ந்த பின்னர் ரத்தினசாமி மயிலின் அருகே வந்தார். மடியிலிருந்து ஒரு சிட்டம் நூலை எடுத்தார். தொட்டி காணாத நூல். எந்த நிறமும் ஏறாத வெள்ளை. முப்பத்தொரு ஆண்டில் அவர் சாயமிடாமல் வைத்துக்கொண்ட ஒரே சிட்டம். அதை மயிலின் காலடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் கல்மண்டபத்தின் விளிம்பைத் தடவியபடி, பார்க்காமலே ஒருமுறை சுற்றி வந்தார். பழனாத்தாள் இரண்டடி பின்னால் வந்தாள்.

கண் திறந்தபோது எதிரே மயிலாள் நின்றிருந்தாள். அவள் தட்டிலிருந்த திருநீற்றை எடுத்து, தயக்கமில்லாமல், அவர் இரு இமைகளின்மேலும் கட்டைவிரலால் பூசினாள்.

"சாமி, இந்தக் கண்ணு ரெண்டும் நெம்ப நாளைக்குத் தீவமா நிக்கோணும். நீங்க முக்கற நூலெல்லாம் கல்யாண ஊட்டுக்கே போகோணும்."